பெரிய காயத்தை விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, நான் மேலூர் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். போன ஐப்பசியில் என் தம்பியை வெட்டிக் கொன்றுவிட்டார்கள். பெரியாறு தண்ணீர் திறந்திருந்த நேரம். முறைத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி மடைக்குக் காவல் போனவன், விடியும்போது வாய்க்கால் கரையில் பிணமாகக் கிடந்தான். பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரைக் கைது செய்தார்கள். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். வழக்கு விசாரணைக்கு வரப்போகிறது.

குற்றப்பத்திரிகையோடு பிரேத பரிசோதனை அறிக்கையின் நகலும் கிடைத்தது. ஆங்கிலத்தில் இருந்ததைப் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் படித்துச் சொன்னார். 11 காயம் என்று இருக்கிறது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்த சாட்சியோ நாலைந்து வெட்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். கணக்கு இடிக்கிறது, சாட்சியை உடைத்துவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். தம்பிதான் முதலில் கம்பால் அடித்தான், உயிருக்குப் பயந்து வெட்டினோம் என்று ஜாமீன் மனுவில் எழுதியிருக்கிறார்கள். முதுகில் ஒரு வெட்டு இருப்பதால், ஓடும்போது வெட்டு வாங்கியவன் என்று ஊரில் பேச்சு. கண் இமையிலும் உதட்டோரத்திலும் ஆசிட் பட்டது போலப் பழுப்புத் தடம் இருந்ததை நானே பார்த்தேன். தலையில் ஒரு காயத்தை மட்டும் சிதைந்த காயம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். அரிவாள் வெட்டு எப்படிச் சிதைந்த காயம் ஆகும்? மடைச் சுவரில் விழுந்து அடிபட்டதாக அவர்கள் சொல்கிறார்கள். அவன் ரொம்ப நேரம் துடித்திருப்பானா?

இன்னொன்று, அம்மா கேட்கச் சொன்னது. அன்று ராத்திரி தூக்குவாளியில் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்து அனுப்பினார். வாளியைப் போலீஸ் எடுத்துப் போனது, திரும்ப வரவில்லை. அவன் சாப்பிட்டிருந்தானா என்று கேட்கிறார். அறிக்கையின் நகலை இணைத்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், மேலூர் வட்டம்.

பதில்:

அம்மா, உங்கள் கடிதத்தையும் அறிக்கையையும் படித்துவிட்டு, ஒரு நாள் தள்ளி மறுபடியும் படித்தேன். சட்ட மருத்துவத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் தம்பியின் உடலை நான் பார்க்கவில்லை, காகிதத்தை மட்டும்தான் பார்த்தேன். ஆகவே நான் எழுதுவது நீதிமன்றத்தில் செல்லாது. பரிசோதனை செய்த மருத்துவர் கூண்டில் ஏறிச் சொல்வதுதான் சாட்சியம். அவரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று உங்கள் தரப்பு தெரிந்துகொண்டு போக இது உதவலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். பெரிய காயம் எது என்று தேடுவார்கள், அதன் நீள அகலத்தைப் படிப்பார்கள், அழுவார்கள், மூடி வைத்துவிடுவார்கள். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான். தலை, முதுகு, எண்ணிக்கை எல்லாம் வருகின்றன. வலது கை விரல்களில் உள்ள 6-ம் காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெரிய காயம், ஆள் எதனால் இறந்தார் என்று சொல்லும். அதைச் சொல்லி முடித்ததும் அது வாயை மூடிக்கொள்ளும். அந்தக் கரையில் என்ன நடந்தது என்பதைப் பேசுகிறவை சின்னக் காயங்கள்.

எண்ணிக்கையை முதலில் முடித்துவிடுவோம். மருத்துவர் காயங்களுக்கு எண் போடுவது தலையிலிருந்து காலை நோக்கி. வெட்டு விழுந்த வரிசை அது இல்லை. 1 என்று இருந்தால் முதல் வெட்டு என்று வக்கீல்களே சிலர் மயங்குவதுண்டு. அதோடு, உடலில் தெரியும் ஒவ்வொன்றையும், நகக்கீறல் அளவு இருந்தாலும், தனி எண் கொடுத்து எழுதுவது எங்கள் கடமை. 11 காயம் என்றால் தோலில் 11 இடம். அரிவாள் 11 முறை ஓங்கப்பட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது.

இந்த அறிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 9-ம் எண் வலது முழங்கையில் சிராய்ப்பு. 10-ம் 11-ம் இரண்டு முழங்காலிலும் மண் ஒட்டிய சிராய்ப்பு. மூன்றும் கீழே விழுந்ததில் வந்தவையாகத்தான் தெரிகின்றன. அடுத்து 4, 5. இடது தோளில் ஒரு வெட்டு, இடது முன்கையில் எலும்பு வரை இறங்கிய வெட்டு. கையைத் தொங்கவிட்ட நிலையில் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போல் இருக்கும். பிணவறை மேசையில் நாங்கள் ஒன்று செய்வோம். மூட்டு விறைப்பை மெல்ல நீக்கி, அந்தக் கையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். பல தடவை, தனித்தனியாகக் கிடந்த இரண்டு காயமும் ஒரே கோட்டில் வந்து சேர்ந்துவிடும். ஒரே வீச்சு முன்கையை வெட்டி, அரிவாளின் வளைந்த நுனி தோளையும் தொட்டிருக்கும். 6, 7 இரண்டும் வலது கையில், ஒரே பிடியில் வந்திருக்கக்கூடியவை. இப்போது கூட்டிப் பாருங்கள். தலையில் ஒன்று, பிடரியில் ஒன்று, தோளும் முன்கையும் சேர்ந்து ஒன்று, முதுகில் ஒன்று, வலது கைக்கு ஒன்று. நாலைந்து வெட்டு என்றுதானே உங்கள் சாட்சி சொன்னார்?

டார்ச் வெளிச்சத்தில், பயத்தில் நின்றவர் சரியாக 11 என்று சொல்லியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். நேரில் பார்த்தவரின் சாட்சியத்தை மருத்துவச் சான்று அடியோடு இல்லை என்று ஆக்கினால் ஒழிய, கண்ணால் கண்ட சாட்சியை அதற்காகத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-ல் சோலங்கி சிமன்பாய் உகாபாய் வழக்கில் சொல்லியிருக்கிறது. எண்ணிக்கை கூடினால் கொலை பெரிதாகும் என்றும் எண்ண வேண்டாம். 1958-ல் விர்சா சிங் வழக்கில் இறந்தவர் உடலில் இருந்தது ஒரே ஒரு ஈட்டிக் குத்து, வயிற்றில். அந்த ஒரு காயமே இயற்கையான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானது, அதை வேண்டுமென்றே ஏற்படுத்தினார் என்பதை வைத்துத்தான் அது கொலை என்று தீர்ப்பானது. உங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் மருத்துவர் 1-ம் காயத்தைப் பற்றி அதே வாசகத்தைத்தான் எழுதியிருக்கிறார். அந்த வரியை உங்கள் வக்கீல் கட்டாயம் பார்த்திருப்பார்.

இனி வலது கை. அறிக்கையில் இரண்டரை வரிதான் இருக்கிறது. வலது கையின் சுட்டுவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை நான்கு விரல்களின் உட்புறத்திலும் குறுக்கு வெட்டு, நடுவிரலில் தசைநாண் வரை ஆழம். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள சவ்வில் இன்னொரு வெட்டு. அவ்வளவுதான்.

வீட்டில் பிள்ளைகள் அளவுகோல் ஒன்று இருந்தால் வலது கையால் இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். அதன் ஒரு விளிம்பு நான்கு விரல்களின் உட்புறத்தில் அழுந்தும். மறு விளிம்பு கட்டைவிரல் சவ்வுப் பக்கம் போகும். அது கூராக இருந்து, மறுமுனையில் ஒருவர் உருவினால் எங்கெங்கே அறுபடும்? 6-ம் 7-ம் காயம் இருக்கும் இடத்தில்தான். விரல்களை நீட்டினால் நான்கு வெட்டும் ஏறுமாறாகத் தெரியும், மடக்கினால் ஒரே கோடாகிவிடும். விரலை மடக்கிப் பார்க்காமல் விட்டுவிடும் மருத்துவர்கள் உண்டு. இவர் பார்த்திருக்கிறார். 'விரல்களை மடக்கிய நிலையில் தொடர்ச்சியாக' என்று ஒரு சொற்றொடர் சேர்த்திருக்கிறார். அந்தச் சொற்றொடருக்காக அவருக்கு நான் கைகொடுப்பேன்.

தற்காப்புக் காயம் என்று இதைச் சொல்வோம். அதில் இரண்டு வகை. வெயில் கண்ணில் அடித்தால் கையைத் தூக்கி மறைப்போமே, அப்போது வெளியே தெரிகிற சுண்டுவிரல் பக்கம், முன்கை, புறங்கை இங்கெல்லாம் விழுகிறவை மறைத்த காயம். உங்கள் தம்பியின் இடது முன்கை வெட்டு அந்த வகை. ஆயுதத்தையே பிடிக்கப் போய் உள்ளங்கையிலும் விரல் உட்புறத்திலும் வருகிறவை பிடித்த காயம். வலது கையில் இருப்பது அது. இரண்டும் ஒரே உடலில் இருந்தால், அந்த மனிதர் வெட்டு விழும்போது உயிரோடும் நினைவோடும் இருந்தார், எதிரே வருவதைப் பார்த்தார், தடுத்தார் என்று பொருள்.

கம்பால் அடித்தான் என்கிறார்கள் அல்லவா? கம்பைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள். விரல்களின் உட்புறம் கம்போடு ஒட்டி மறைந்திருக்கும், வெளியே தெரிவது முட்டியும் புறங்கையும்தான். அந்தக் கையில் வெட்டு விழுந்தால் வெளிப்பக்கம் விழும். நான்கு விரலின் உட்புறமும் ஒரே கோட்டில் அறுபட வேண்டுமானால், அந்த நேரத்தில் அந்தக் கையில் அரிவாளைத் தவிர வேறு எதுவும் இருந்திருக்க முடியாது. வாய்க்கால் கரையில் அந்த ராத்திரி கம்பே இல்லை என்று இந்தக் காயம் சொல்லவில்லை. முன்பு வைத்திருந்து கீழே போட்டிருக்கலாம். ஆனால் அரிவாளைப் பிடித்த நொடியில் உங்கள் தம்பியின் வலது கையில் கம்பு இல்லை. அவர் வலது கைப் பழக்கம் உள்ளவர்தானே? கடிதத்தில் நீங்கள் சொல்லவில்லை. இடது கைக்காரர் என்றால் நான் சொன்னதன் பலம் பாதியாகக் குறைந்துவிடும். அதை அரசு வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், எதிர்த்தரப்பு சொல்லித் தெரிய வேண்டாம்.

இதற்குச் சட்டத்தில் இடம் என்ன என்றால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்பு உரிமை 34-ம் பிரிவில் தொடங்குகிறது. தற்காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அந்த உரிமை இடம் தராது என்று 37-ம் பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு அளவு மீறிவிட்டார்கள் என்று நீதிமன்றம் கருதினால், 103-ம் பிரிவின் கொலை, 105-ம் பிரிவின் கொலையாகாத மரணக் குற்றமாக இறங்கிவிடும். எதிர்த்தரப்பு குறி வைப்பது பெரும்பாலும் அங்கேதான். வெறுங்கையோடு நின்றவரை வெட்டினார்களா என்ற கேள்விக்கு இந்த வழக்கில் வேறு எதை விடவும் 6-ம் காயம்தான் பக்கத்தில் நிற்கிறது.

இன்னொரு காகிதமும் வேண்டும். கைது செய்தவுடன் அவர்கள் இருவரையும் மருத்துவர் பார்த்து எழுதியிருக்க வேண்டும், அது சட்டப்படி கட்டாயம். கம்படி வாங்கியவர் உடம்பில் கம்படியின் தடம் இருக்க வேண்டும். உருண்டைக் கம்பு சதையில் விழுந்தால் பட்ட இடம் வெளிறி, அதன் இருபுறமும் இரண்டு கோடாக ரத்தம் கட்டும். ரயில் தண்டவாளம் போல. நேராக அடிபட்ட இடத்தில் ரத்தம் ஒதுங்கி இரு ஓரத்திலும் நாளங்கள் கிழிவதால் அப்படி. அவர்கள் உடம்பில் அந்த இரட்டைக் கோடு பதிவாகியிருக்கிறதா, கைதானது எத்தனை நாள் கழித்து, இவற்றைப் பார்க்க வேண்டும். பதிவாகியிருந்தால் அரசுத் தரப்பு அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்கள் மீதுள்ள காயத்துக்கு விளக்கமே இல்லாமல் விட்டால் வழக்குக்கு எவ்வளவு கேடு என்பதை 1976-ன் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுதியிருக்கிறது. ஒளிப்பதில் லாபம் இல்லை.

முதுகுக்கு வருவோம். 8-ம் காயம் இடது தோள்பட்டையில் தொடங்கி வலமாகக் கீழிறங்கும் 11 செ.மீ. வெட்டு. தோல் ஆழம்தான். தொடங்கிய இடத்தில் சற்று ஆழம், முடியும் இடத்தில் வால் போல மெலிந்து கீறலாகிவிட்டது. வெட்டின் வால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்தான் ஆயுதம் வெளியேறியது. அதாவது மேலிருந்து கீழாக, உரசிக்கொண்டு போன வீச்சு. ஓடுகிறவர் முதுகில் அப்படி விழும். குனிந்தவர் முதுகிலும் விழும். முழங்கால் ஊன்றிச் சரிந்தவர் முதுகிலும் விழும், முழங்கால் சிராய்ப்பு வேறு இருக்கிறது. ஓடினாரா என்பதை முதுகு சொல்லாது. மண்ணில் கிடந்த ரத்தத் துளிகள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தன என்பது சொல்லும். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் ரத்தக்கறை எத்தனை இடத்தில் குறித்திருக்கிறது என்று பாருங்கள்.

ஊர்ப்பேச்சுக்கு நான் மருத்துவனாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் ஒன்று. வெண்ணிப் போரில் கரிகாலனோடு மோதிய சேரமான் பெருஞ்சேரலாதன், முதுகில் காயம் பட்டதே என்று நாணி வடக்கிருந்து உயிர் விட்டதைச் சங்கப் பாடல் சொல்லும். மார்பில் பாய்ந்த வேல் முதுகு வழியே வெளியேறியதால் வந்த புண் அது என்று விளக்கம் சொல்வார்கள். எங்கள் துறையில் அதை வெளியேறு காயம் என்று எழுதி முடித்திருப்போம். நுழைந்த காயம் மார்பில், ஆக விழுப்புண்தான். ஒரு பிணவறை மருத்துவன் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரு மன்னன் பிழைத்திருப்பானோ என்று வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்பேன். அதுவும் இல்லாமல், அரிவாளோடு இரண்டு பேர் வரும்போது ஒருவர் ஓடினால்தான் என்ன? முதுகில் காயம் என்று பேசுகிறவர்கள் யாரும் அன்று ராத்திரி மடையில் நிற்கவில்லை.

சிதைந்த காயம் பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் அது தப்பான ஆள் மேல் வந்த கோபம். தலையின் தோல் எலும்பை ஒட்டி இழுத்துப் போர்த்தியது. மழுங்கிய பொருளால் ஓங்கி அடித்தாலும் தோல் நேராகப் பிளந்துகொள்ளும். வெறுங்கண்ணுக்கு வெட்டு மாதிரியே தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் நான் அதில் விழுந்தேன். ஒரு பெண்ணின் முன்தலைக் காயத்தை வெட்டுக்காயம் என்று எழுதிவிட்டேன். வீட்டில் கைப்பற்றியதோ உலக்கை. குறுக்கு விசாரணையில் வக்கீல் மூன்றே கேள்வி கேட்டார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்களா? காயத்துக்குள் இழைகள் இருந்தனவா? முடி அறுபட்டிருந்ததா, நசுங்கியிருந்ததா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. உலக்கையால் வெட்டுக்காயம் வராது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வழக்கு நிற்கவில்லை. அந்தப் பெண்ணின் தகப்பனார் வராந்தாவில் என்னைக் கடந்து போனார், ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

வித்தியாசம் எளியது. முருங்கைக்காயைக் கத்தியால் நறுக்கினால் இரண்டு பக்கமும் சுத்தமாக இருக்கும். கையால் ஒடித்து இழுத்தால் நார் தொங்கும். கூரான வெட்டில் தோல், தசை, நாளம் எல்லாம் ஒரே மட்டத்தில் அறுபடும். அடிபட்டுப் பிளந்த காயத்தின் அடியில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழைகள் பாலம் போலக் குறுக்கே நிற்கும். விளிம்பு உரசிக் கன்றியிருக்கும். முடிவேர் நசுங்கியிருக்கும். உங்கள் அறிக்கையில் 2-ம் காயத்தில் இவற்றை ஒவ்வொன்றாக எழுதி, அதன் பிறகே சிதைந்த காயம் என்கிறார். பக்கத்திலேயே 1-ம் காயத்தைக் கொத்து வெட்டு என்கிறார். கனமான கூர் ஆயுதம் எலும்பையும் சேர்த்து வெட்டியது என்று பொருள். திருப்பாச்சேத்தி அரிவாளைக் கையில் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனம் தெரியும். இரண்டையும் பிரித்து எழுதிய மருத்துவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறார்.

2-ம் காயம் எப்படி வந்தது? அரிவாளுக்குக் கூர் இல்லாத முதுகுப் பக்கமும் இருக்கிறது, அதனால் பட்டிருக்கலாம். மடையின் சிமென்ட் சுவரில் பின்தலை மோதியும் வந்திருக்கலாம். ஓடும் தலை நின்ற சுவரில் மோதும்போது, கபாலத்துக்குள் மூளை ஆடி, மோதிய இடத்துக்கு எதிர்ப்பக்கம் கன்றிப்போவதுண்டு. நின்ற தலையில் அடி விழுந்தால் பெரும்பாலும் அடி விழுந்த பக்கமே கன்றும். இங்கே அந்தக் காயத்துக்கு அடியில் எலும்பும் உடையவில்லை, மூளையில் எந்தப் பக்கமும் அதற்கான கன்றல் இல்லை. அதனால் இரண்டில் எது என்று பிரிக்க வழியில்லை. எதிர்த்தரப்பு இதைப் பிடித்துத் தொங்கினால் தொங்கட்டும், விட்டுக்கொடுங்கள். விழுந்ததில் வந்ததாகவே வைத்துக்கொண்டாலும் 1-ம் காயம் சுவரில் விழுந்து வராது.

ஆசிட் இல்லை அம்மா. அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ஒற்றை வரி இருக்கிறது, ஆசிரியர் அதைத் தாண்டிப் போயிருக்கிறார். கண் இமை, உதட்டோரம், அக்குளில் எறும்புக் கடித் தடங்கள், இறந்த பின் ஏற்பட்டவை என்று எழுதியிருக்கிறது. வயல்வெளியில் விடியும்வரை கிடந்த உடலில் ஈரம் உள்ள மென்மையான இடங்களுக்கு எறும்பு முதலில் வரும். தோலின் மேல்பட்டையை மட்டும் அரித்துவிடும், அந்த இடம் காய்ந்து பழுப்பாகத் தோல்காகிதம் போல ஆகிவிடும். உயிரோடு இருக்கும்போது வந்த சிராய்ப்பு என்றால் அடியில் ரத்தம் கசிந்து கட்டியிருக்கும். இதில் அது இல்லை. கழுத்தைச் சுற்றி எறும்பு அரித்த கோட்டைப் பார்த்து கயிறு இறுக்கிய தடம் என்று கூட்டம் கூடிய நாட்களும் எனக்குத் தெரியும். ஆசிட் என்ற பேச்சைச் சாட்சிகள் யாரும் கூண்டில் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாத ஒன்றைச் சேர்த்தால் இருப்பதையும் நம்ப மாட்டார்கள்.

துடித்திருப்பானா என்று கேட்டீர்கள். மழுப்பாமல் சொல்கிறேன். கைகளில் உள்ள காயங்கள் நினைவோடு இருந்தபோது வந்தவை. ஆகவே சில நொடிகள், அதிகம் போனால் சில நிமிடங்கள், தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். 1-ம் காயம் கைக் காயங்களுக்குப் பிறகுதான் விழுந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அப்படி ஒரு வெட்டு விழுந்த பிறகு கையைத் தூக்கித் தடுப்பவரை நான் கண்டதில்லை. எலும்பைப் பிளந்து மூளையைத் தொட்ட காயம் அது. அதற்குப் பிறகு பெரும்பாலும் நினைவு இருப்பதில்லை. மூச்சு கொஞ்ச நேரம் ஓடியிருக்கும், உடல் அசைந்திருக்கும், ஆனால் அது அவருக்குத் தெரிந்து நடந்த அசைவு இல்லை. வெட்டுப்பட்டுப் பிழைத்து வந்தவர்களிடம் நான் கேட்டதுண்டு. வெட்டு விழுந்தபோது வலி தெரியவில்லை, சூடாக ஏதோ பட்டது போல இருந்தது, சட்டை நனைந்த பிறகுதான் தெரிந்தது என்று பலர் சொன்னார்கள். உங்கள் தம்பிக்கும் அப்படித்தான் இருந்தது என்று சத்தியம் செய்ய முடியாது.

நீதிமன்றத்தில் நடப்பதை ஒரு வார்த்தையில் சொன்னால், 'இருக்கலாம்'. மருத்துவரிடம் அரசு வக்கீல், இந்த அரிவாளால் இந்தக் காயம் வந்திருக்குமா என்பார். இருக்கலாம் என்பார் மருத்துவர். எதிர்த்தரப்பு வக்கீல், விழுந்ததில் 2-ம் காயம் வந்திருக்குமா என்பார். அதற்கும் இருக்கலாம். கேட்காத கேள்விக்கு அவர் பதில் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. 6-ம் காயத்தைப் பற்றி யாருமே கேட்காமல் அவர் கூண்டை விட்டு இறங்கிப் போன வழக்குகள் ஏராளம். மருத்துவரின் சாட்சியத்துக்கு முந்தின வாரமே அரசு வக்கீலைப் பார்த்து மூன்று கேள்விகளை எழுதிக் கொடுங்கள். 6, 7 இரண்டும் கூர் ஆயுதத்தைக் கையால் பற்றியதால் வந்தவையா? அந்த நேரத்தில் அந்தக் கையில் கம்பு இருந்திருக்க முடியுமா? 4, 5 இரண்டும் ஒரே வீச்சில் வந்திருக்குமா? பிரேத பரிசோதனையின்போது கைகளைப் படம் எடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அரசு வக்கீலுக்குத் துணையாக உங்கள் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கும். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.

உங்கள் அம்மாவின் கேள்வி. அறிக்கையின் மூன்றாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. இரைப்பையில் சுமார் 250 மில்லி, பாதி செரித்த சோற்றுப் பருக்கைகள், உருக்குலையாத பயறு விதைகள் சில. இதை வைத்து இறந்த நேரத்தை மணிக் கணக்கில் சொல்ல யாராவது முயன்றால் நம்பாதீர்கள். பயத்தில் செரிமானம் நின்றுபோகும், ஆளுக்கு ஆள் மாறும். சாப்பிட்டுச் சில மணி நேரத்துக்குள் நடந்தது, அவ்வளவுதான் சொல்லலாம். உருக்குலையாத பயறு என்று மருத்துவர் எழுதியது மொச்சையாகத்தான் இருக்கும். சாப்பிட்டிருக்கிறார் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இரண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்த அளவு இல்லை அது.

பறிமுதல் மகஜரில் தூக்குவாளியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். காலி வாளி என்று ஒரு வார்த்தை இருந்தாலும் இருக்கும். வழக்கு முடிந்ததும் அதைத் திரும்பக் கேட்டு நீதிமன்றத்தில் மனு போடலாம். அம்மாவின் பெயரிலேயே போடுங்கள்.